ஸ்ட்ரைக்-ஸ்லிப் பிளவுக்குத் தமிழ்ச்சொல்: 'அரக்குபிளவு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நிலப் பிளவு வகைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை ஒரு வாரமாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் குறிப்பு ஒன்று திருத்துகிறேன். கடலடிப் பூமியதிர்ச்சிப் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது, ஏனென்றால் ஸ்ட்ரைக்-ஸ்லிப்புக்கு, அதாவது நிலம் பக்கமாக வழுக்கும் பிளவு வகைக்கு, நான் போன வருடம் எழுதிய சொல் எனக்கே பிடிக்கவில்லை, இங்கே வந்திருக்கும் நான்கு சொற்களிலும் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை.

அந்த நான்கு: கிடைநழுவுப் பிளவு, பக்கவாட்டுப் பெயர்ச்சி, நீள்திசை நகர்வு, தாக்கு நழுவல். கடைசியை முதலில் எடுத்துவிடுவோம். இங்கே ஸ்ட்ரைக் என்பதற்கும் அடிக்கும் தாக்குதலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சாய்ந்து கிடக்கும் ஒரு பிளவுத்தளத்தைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்த்தால் ஒரு கோடு வரும், அந்தக் கோடு ஓடும் திசைக்குத்தான் நிலவியலில் அந்தப் பெயர். நிலம் அந்தக் கோட்டின் வழியே வழுக்குவதால் ஸ்ட்ரைக்-ஸ்லிப். சொல்லைச் சொல்லாகப் பெயர்த்தால் பொருள் எங்கேயோ போய்விடுகிறது, நிகழ்வைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

நான் இதை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாள். நாங்கள் அப்போது திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தோம். அன்றைய எங்கள் நேரப்படி காலை 6.58க்கு சுமாத்திராவுக்கு மேற்கே நிலம் உடைந்திருக்கிறது. இங்கிருந்து 1,700 கிலோமீட்டர் தூரம். எங்களுக்கு ஒரு அசைவும் தெரியவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடல் வீட்டுக்குள் நின்றது. ஓடி வந்தவர்கள் கத்தியது 'கடல் வருது' என்று மட்டும்தான். கடற்கோள் என்ற பழஞ்சொல்லைப் படித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்த நேரத்தில் அது யார் வாயிலும் வரவில்லை. சுனாமி என்ற சொல்லும் ஆழிப்பேரலை என்ற சொல்லும் எங்கள் தெருவுக்கு வந்தது பிணங்களை எடுத்த பிறகு. இலங்கையில் மட்டும் 35,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று எங்கள் மாவட்டத்தில் கடலைப் பார்த்திருந்த ஊர் எதுவும் தப்பவில்லை.

பிறகு 2012 ஏப்ரல் 11. வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் இருந்தது, கடைத்தெரு நிறைந்த சனம். பிற்பகல் 2.08க்கு மறுபடியும் சுமாத்திராவுக்கு மேற்கே, அளவு 8.6. எச்சரிக்கை வந்ததும் ஊரே மேட்டுநிலமான உவர்மலைப் பக்கம் ஏறியது, நானும் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. இருட்டும் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடல் வரவில்லை.

அன்று இரவு பெரியம்மா கேட்ட கேள்வி: "தம்பி, அண்டைக்கு ஒன்பது எண்டாங்கள், கடல் வந்தது. இண்டைக்கு எட்டரைக்கும் மேல எண்டுறாங்கள். ஏன் வரேல்ல?"

சரியான கேள்வி. 9.1க்கும் 8.6க்கும் இடையில் சக்தி அஞ்சாறு மடங்கு வித்தியாசம்தான், அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் 2012 இலும் கொஞ்சமாவது கடல் உள்ளே வந்திருக்க வேண்டும். சுமாத்திராவின் ஆச்சே கரையில் பதிவானதே ஒரு மீட்டர் அளவு அலைதான். நான் அவருக்குக் கையால் காட்டினேன். முதலில் ஒரு கைக்கு மேல் இன்னொரு கையை வைத்து, 2004 இல் இந்தியத் தட்டு (தட்டு என்றால் பூமியின் மேலோட்டில் நகரும் பெரும் பாளம்) இப்படி அடியில் போய்க்கொண்டிருந்தது, மேல் தட்டின் விளிம்பு அதோடு ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்காகக் கீழே இழுபட்டு வளைந்து கிடந்தது, அன்று 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளத்துக்கு ஒட்டுவிட்டு மேலே எழும்பியது, கடலடி மீட்டர் கணக்கில் உயர்ந்ததால் அதற்கு மேலே நின்ற தண்ணீர் முழுவதும் தூக்கப்பட்டது, தூக்கப்பட்ட தண்ணீர்தான் எங்களிடம் வந்தது என்றேன். பிறகு இரண்டு கைகளையும் அருகருகே வைத்து ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் இழுத்து, இன்றைக்கு நடந்தது இது, தட்டின் நடுவிலேயே உடைந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கமாகப் போயிருக்கின்றன, தண்ணீரைத் தூக்க அடியில் ஒன்றும் எழும்பவில்லை என்றேன்.

பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: "அப்ப நிலம் அரக்கியிருக்கு. எழும்பேல்ல."

அந்த 'அரக்கியிருக்கு' அன்றிலிருந்து மனதில் கிடக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பேச்சில் 'கொஞ்சம் அரக்கி இரு' என்றால் இருந்த இடத்தைவிட்டு எழும்பாமல் பக்கமாக நகர்ந்து இடம் விடு என்று பொருள். 'கதிரையை அங்கால அரக்கி வை' என்றால் தூக்காமல் நிலத்தோடு தேய்த்து நகர்த்து. யாழ்ப்பாணத்திலும் இதே பேச்சுத்தான். பழைய தமிழில் அரக்குதலுக்குத் தேய்த்தல் என்ற பொருளும் உண்டு. ஸ்ட்ரைக்-ஸ்லிப் பிளவில் நடப்பதும் அதேதான்: எழும்பாமல், தாழாமல், தேய்த்துக்கொண்டு பக்கமாகப் பெயர்வது. ஒரு வினைச்சொல்லுக்குள் இந்த மூன்றும் அடங்கிக் கிடக்கும்போது 'கிடை', 'நழுவு', 'பக்கவாட்டு' என்று துண்டு துண்டாக எதற்குக் கட்ட வேண்டும்?

ஆகவே என் முன்மொழிவு: அரக்குபிளவு.

அதோடு அதன் கூட்டாளிகளையும் ஒரே அச்சில் வார்த்துவிடலாம். நிலம் நெருக்குண்டு மேற்பக்கச் சுவர் (சாய்ந்த பிளவுக்கு மேலே கிடக்கும் பாறை) ஏறும் வகைக்கு ஏறுபிளவு. நிலம் இழுபட்டு மேற்பக்கச் சுவர் சரிந்து தாழும் வகைக்கு இறங்குபிளவு. இந்த இறங்கும் வகையை ஆங்கிலத்தில் 'நார்மல்' என்கிறார்கள், அதைப் பார்த்து நாமும் 'இயல்புப் பிளவு' என்று எழுதிவருகிறோம், அதில் இயல்பாக என்ன இருக்கிறது என்று எந்த மாணவருக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் வகுப்பில் விளக்க முடிந்ததில்லை. ஏறு, இறங்கு, அரக்கு. மூன்றும் வினை, மூன்றும் நிலம் என்ன செய்தது என்பதைத்தான் சொல்கின்றன. 2004 இல் உடைந்தது போன்ற தட்டெல்லைப் பெரும்பிளவுக்குப் பேரேறுபிளவு என்று போகலாம்.

பிளவு போதுமா, பெயர்ச்சி என்றே வைக்க வேண்டுமா என்று முன்பு ஒரு கேள்வி வந்தது. எல்லா வெடிப்பும் பிளவுதான், நிலம் பெயர்ந்திருந்தால்தான் அது நமக்கு வேண்டிய பிளவு, அதனால் பிளவுப்பெயர்ச்சி என்று எழுதுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முன்னால் ஏறு, இறங்கு, அரக்கு என்று வினை வந்துவிட்டால் பெயர்வு அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. பிளவு என்பதைப் பொருளுக்கும் பெயர்ச்சி என்பதை நிகழ்வுக்கும் வைத்துக்கொள்வோம்: அரக்குபிளவில் 8 மீட்டர் பெயர்ச்சி ஏற்பட்டது என்று ஒழுங்காக எழுத முடிகிறது.

எந்தச் சொல்லையும் வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. 2012 ஐயே எடுத்து எழுதிப் பார்த்தேன்: 'கருவிகளில் பதிவான அரக்குபிளவு நடுக்கங்களில் 2012 ஏப்ரல் 11 நடுக்கமே மிகப் பெரியது. சுந்தா அகழிக்கு மேற்கே, தட்டின் உட்பகுதியில், ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாகக் கிடந்த பல பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அவற்றில் சில இடவரக்கு, சில வலவரக்கு.' இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. பிளவின் ஒரு கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கும்போது அது இடப்பக்கம் போயிருந்தால் இடவரக்கு, வலப்பக்கம் போயிருந்தால் வலவரக்கு. எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் விடை மாறாது. 1906 இல் சான்பிரான்சிஸ்கோ நடுக்கத்தின்போது சான் அன்றியாஸ் பிளவுக்குக் குறுக்கே இருந்த வேலி ஒன்று துண்டாகி, ஒரு துண்டு மற்றத் துண்டிலிருந்து சில மீட்டர் தள்ளிப்போய் நின்றது, அது வலவரக்கு. பிள்ளைகளுக்கு இதைக் கிடுகு வேலி ஒன்றைக் கீறிக் காட்டினால் போதும்.

சொல்லுங்கள், அடித்து உடையுங்கள். உடையாமல் நின்றால்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.

*

மூன்று நாளில் இவ்வளவு மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. முக்கியமானவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சென்னை நண்பரின் முதல் மறுப்பு, அரக்கு என்றால் தமிழ்நாட்டில் முத்திரை வைக்கும் அரக்கும் அரக்கு நிறமும்தான் நினைவுக்கு வரும் என்பது. உண்மை. ஆனால் அந்தக் குழப்பத்தை இலக்கணமே தீர்த்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, இடையில் ஒற்று மிகாது. 'அரக்குபிளவு' என்றால் அரக்குகிற பிளவு, 'அரக்குப்பிளவு' என்று ப் போட்டால்தான் மெழுகு அரக்கு உள்ளே வரும். ஒற்றைக் கவனித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 'நகர்ந்து உட்கார்' என்பதால் நகர்பிளவு என்று வைக்கலாமே என்று அவரே மாற்றும் தந்தார். அதை நன்றாக யோசித்தேன். நகர்தலுக்குத் திசை கிடையாது, ஏறுபிளவும் நகர்வதுதான், இறங்குபிளவும் நகர்வதுதான், கடலடி உயர்ந்ததா பக்கமாகப் போனதா என்ற வேறுபாட்டைச் சொல்லத்தான் நமக்குச் சொல்லே தேவைப்பட்டது. போதாததற்கு நகர் என்றால் பட்டினமும் ஆகும். அந்தக் குழப்பத்தைத் தாங்கத் தயார் என்றால் அரக்கையும் தாங்கலாம்தானே.

அரக்கு செயப்படுபொருள் வேண்டுகிற வினை, கதிரையை அரக்கலாம், நிலம் தானே எப்படி அரக்கும் என்று தஞ்சாவூர் ஐயா கேட்டிருக்கிறார். 'அரக்கி இரு' என்ற வழக்கில் வேறு எதையும் அரக்கவில்லை ஐயா, இருப்பவர் தன்னைத்தானே பெயர்த்துக்கொள்கிறார். பெரியம்மா 'நிலம் அரக்கியிருக்கு' என்று சொன்னபோது அதில் ஒரு இடறலும் இருக்கவில்லை. பேச்சில் நிற்பது எழுத்திலும் நிற்கும் என்பது என் நம்பிக்கை.

டொரன்டோ நண்பர் டிரான்ஸ்ஃபோர்ம் என்ற பிளவையும் இதிலேயே சேர்த்துவிடலாமா என்றார். வேண்டாம். அரக்குபிளவு என்பது பெயர்ச்சியின் வகை, அது தட்டின் நடுவிலும் வரலாம், 2012 அப்படித்தான். டிரான்ஸ்ஃபோர்ம் என்பது 1965 இல் கனடிய நிலவியலாளர் டூசோ வில்சன் வைத்த பெயர், அது தட்டெல்லை. ஒரு கடலடி முகட்டின் முனையிலிருந்து அடுத்த முகட்டுக்கோ அகழிக்கோ போய் முடிவது, அந்த முனையில் ஒருவகைப் பெயர்ச்சி இன்னொரு வகையாக மாறுகிறது என்பதற்காக அந்தப் பெயர். அதை 'உருமாற்றப் பிளவு' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துவோம். இலங்கையின் அடிப்பாறை பெரும்பகுதி உருமாறிய பாறை, எங்கள் பிள்ளைகள் ஆண்டு தொடக்கத்தில் அதைப் படித்துவிட்டு வருகிறார்கள், இரண்டு அத்தியாயம் தள்ளி உருமாற்றப் பிளவு என்று கண்டதும் உருமாறிய பாறையில் வரும் பிளவு என்றே எழுதுகிறார்கள். தவறு அவர்களுடையது அல்ல. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

இனி, என்னை இரண்டு இரவு தூங்கவிடாத மறுப்புக்கு வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து ஆசிரியை அக்கா எழுதியிருந்தார்: இந்தச் சொல் மக்களிடம் போனால் 'அரக்குபிளவுதானாம், கடல் வராதாம்' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், அந்தப் பழியை யார் ஏற்பது என்று. 2005 மார்ச் 28 ஐயும் நினைவூட்டினார். அன்று சுமாத்திராவுக்கு மேற்கே நியாஸ் தீவுப் பக்கம் 8.6, அது ஏறுபிளவு, எங்கள் நேரம் இரவு பத்து மணிக்கு மேல், மூன்று மாதத்துக்கு முன் எல்லாம் இழந்த சனம் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, கடல் வரவில்லை. ஏறியும் வரவில்லை, அரக்கியும் வரவில்லை, பிறகு இந்தச் சொற்களால் என்ன பயன் என்பது அவர் கேள்வி.

அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது, நான் முதல் கடிதத்தில் அதை மிக எளிதாகக் கடந்துவிட்டேன். 2005 இல் எழும்பிய நிலத்தில் பெரும்பங்கு தீவுகளுக்கும் ஆழம் குறைந்த கடலுக்கும் அடியில் இருந்தது. நிலம் ஏறியது, ஆனால் தூக்கப்பட மேலே தண்ணீர் அதிகம் இருக்கவில்லை. மறுபக்கத்தில் 2018 செப்டம்பர் 28, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள பாலு நகரம். 7.5 அளவு, உடைந்தது பாலு-கோரோ பிளவு, அது இடவரக்கு. நகரமோ ஒடுங்கிய குடாவின் தலையில். சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது, குடாவின் அடியில் சரிந்த மண்ணுக்கும் அதில் பங்கு இருந்தது. நடுக்கம், அலை, குழம்பாகி ஓடிய நிலம் எல்லாம் சேர்ந்து 4,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அரக்குபிளவில் கடல் வராது என்று யாராவது சொன்னால் பாலுவைக் காட்ட வேண்டும். எங்கள் கொட்டியாரக் குடாவும் மகாவலி மண் வந்து விழுகிற குடா, அதன் அடியிலும் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஓடுகிறது, ஆகவே இதை வேறு யாருக்கோ நடந்த கதையாக நான் எழுத மாட்டேன். இறங்குபிளவும் அப்படித்தான். 1933 இல் ஜப்பானின் சன்ரிக்குக் கரைக்கு வெளியே உடைந்தது இறங்கும் வகை, அந்த அலையில் ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் எழுதிப் பார்த்த பிறகு என் முன்மொழிவில் மாற்றம் ஒன்று செய்கிறேன். சொல்லை மாற்றவில்லை, விளக்கத்தை மாற்றுகிறேன். போன கடிதத்தில் நான் பெரியம்மாவுக்குச் சொன்ன கதையோடு சொல்லைக் கட்டிவிட்டதால் அரக்கு என்றால் பயமில்லை என்ற தொனி வந்துவிட்டது. வரைவிலக்கணத்தில் அலை பற்றி ஒரு எழுத்தும் வரக்கூடாது. நிலம் எந்தப் பக்கம் பெயர்ந்தது என்பதோடு அது நின்றுவிட வேண்டும். அலை வருமா வராதா என்பது எவ்வளவு நிலம், எவ்வளவு தண்ணீருக்கு அடியில், எந்த வடிவக் கரை, அடியில் மண் சரிந்ததா என்பதையெல்லாம் பொறுத்தது, அதை ஒரு பெயரின் தலையில் ஏற்ற முடியாது. அதோடு பிளவின் வகை கரையில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் தெரியவும் தெரியாது. எச்சரிக்கை வந்தால் உவர்மலைக்கு ஏற வேண்டியதுதான், வகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறிப்பில் இதைத் தனிப் பந்தியாகச் சேர்த்துவிட்டேன், 2004, 2005, 2012, 2018 நான்கையும் அருகருகே வைத்திருக்கிறேன். அக்கா ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்தால் நல்லது.

அப்படியானால் சொல்லால் என்ன பயன் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஓடும்போது அது உதவாது. ஓடித் திரும்பி வந்த இரவில், கடல் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று கேட்பவருக்கு அவருடைய பேச்சிலேயே பதில் சொல்ல உதவும். பெரியம்மாவுக்கு 2004க்குப் பிறகு கடல் ஒரு காரணமும் இல்லாமல் கொல்லும் ஒன்றாக இருந்தது. நிலம் அரக்கியிருக்கு என்று அவர் வாயால் சொன்ன பிறகு, அடுத்த நாள் காலை அவர் உப்புவெளிக் கரை வரைக்கும் தானே நடந்து போனார். அதற்கு முன் ஏழு வருடத்துக்கு மேல் போகவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. இடவரக்கு, வலவரக்கு என்று வகர உடம்படுமெய் போட்டு எழுதினால் பிள்ளைகள் 'வரக்கு' என்று ஒரு சொல் இருப்பதாக நினைக்கிறார்கள், வகுப்பில் எழுதிப்போட்டுப் பார்த்தேன். இட அரக்கு, வல அரக்கு என்று பிரித்தே எழுதிவிடலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அச்சுக்குக் கொடுக்கும் படியில் திருத்திவிடுவேன்.